கம்பு படுக்கக் கவை வேண்டும்

நானே கட்டிய முதல் தூண்டில் கம்பு முட்டுக்காட்டில் ஒடிந்தது. காலை ஆறரை மணி, ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. கரைக் கற்களில் நின்று கொடுவாவுக்கு வீசிக்கொண்டிருந்தேன். கடித்த மீன் அப்படியொன்றும் பெரிதில்லை, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் கல்லிடுக்கைப் பார்த்து ஓடியது. நான் கம்பைத் தூக்கித் தடுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். மேல்பாதி தூண்டில் நரம்பில் (மீனை இழுக்கும் இழை) கோத்துக்கொண்டு சறுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. கைக்குட்டையை விரல்களில் சுற்றிக்கொண்டு நரம்பைக் கையாலேயே இழுத்து மீனைக் கரையேற்றினேன். மீன் கிடைத்த சந்தோஷம் துளியும் இல்லை. பைக்கில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சத்தம்தான் காதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒடிந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடியிலிருந்து இரண்டாவது கைடின் கால் முடிகிற இடத்தில், சரியாக அந்தக் கோட்டில் ஒடிந்திருந்தது. கைடு என்பது நரம்பு ஓடுவதற்காகக் கம்பில் வரிசையாகக் கட்டும் வளையம். வளையத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தட்டையான கால்கள் இருக்கும். அந்தக் கால்களைக் கம்போடு சேர்த்து நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, மேலே எபாக்ஸி என்ற பிசின் பூசுவார்கள். கம்பு கட்டும் வேலையில் பாதி இதுதான். நான் செய்த தவறு இரண்டு. காலின் நுனியை அரத்தால் தேய்த்துச் சரிவாக்காமல் அப்படியே வைத்துக் கட்டியிருந்தேன்; அந்த விளிம்பு கம்பைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைவிட மோசம், அந்த ஒரு கட்டில் நூலை வெறிகொண்டு இழுத்திருந்தேன். அடுத்த கட்டைப் பார்த்தால் நூலுக்கும் நூலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. ஒரே கம்பில், ஒரே ஆள் கட்டிய கட்டுகளில் ஒன்று இறுக்கம், ஒன்று தொய்வு.

ஏன் என்று எனக்கே தெரிந்தது. அந்தக் கம்பைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டினேன். அடிப்பகுதி இடது அக்குளில், நடுப்பகுதி தொடைமேல், முனை சோபாவின் கைப்பிடியில். இடது கை கம்பை உருட்ட, வலது கை நூலைப் பிடிக்க, நூல்கண்டு உருண்டு ஓடாமல் இருக்கக் கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தேன். கை சோர்ந்தபோது நூல் தளர்ந்தது. தளர்ந்ததே என்று பதறியபோது இறுகியது. என் தோள்வலி அப்படியே அந்தக் கம்பில் பதிவாகியிருந்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன். என்னிடம் இருக்கும் மெல்லிய நைலான் நூலின் தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். ஒரு கட்டு 15 மில்லிமீட்டர் நீளம் என்றால் அதில் நூறு சுற்று. ஏழடிக் கம்புக்கு எட்டு கைடு, அது போக முனை வளையம். ஓர் அடிக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று கூட என்பது பழைய வழக்கு. ஒவ்வொரு கைடுக்கும் இரண்டு கால். ஆக பதினாறு கட்டு, ஆயிரத்து அறுநூறு சுற்று. இத்தனை சுற்றும் ஒரே இழுப்பில் விழ வேண்டும் என்றால் அந்த இழுப்பைக் கையிடம் விடக்கூடாது. இதை நான் கம்பு கட்டப் போய்க் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். உண்மையில் ஏழு வயதிலேயே எனக்குச் சொல்லப்பட்டதுதான்.

எங்கள் தாத்தா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு செய்தவர். அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார். அன்றைக்கு என்னை சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு ஏரிக்குப் போவார். மூங்கில் கம்பு, நெட்டியில் செதுக்கிய தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. கரைக்குப் போனதும் முதல் வேலை, வேலிப்புதரில் ஒரு கவைக்குச்சியை ஒடித்துச் சேற்றில் குத்துவது. ஒய் வடிவக் குச்சிக்குத்தான் கவை என்று பெயர். கம்பை அதில் சாய்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார். நான் கம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும், தக்கையும் ஆடும். அப்போது சொல்வார்: “கையில வச்சிருந்தா உன் நடுக்கம்தான் தெரியும் கண்ணு. கவையில வை. மீன் தொடுறது தெரியும்.”

தெருவில் விடியற்காலையில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, நீட்டும்போதும் அதே கவைதான். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பாவு நடுவில் தொய்ந்து தரையைத் தொடாமல் இருக்க, அங்கங்கே இரண்டு கம்புகளைக் குறுக்காகக் கட்டி நிறுத்தி அதன்மேல் ஏந்தியிருப்பார்கள். கஞ்சி தேய்த்த பட்டு இழைகள் வெயில் ஏறுவதற்குள் காய்ந்து பிரிய வேண்டும். தறியில் ஏற்றிய பிறகும் தாத்தா பாவின் இறுக்கத்தைக் கையால் இழுத்துச் சரிசெய்ய மாட்டார். புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், எழுந்து போய்ப் பின்னால் கட்டியிருக்கும் கயிற்றை ஒரு சுற்று கூட்டியோ குறைத்தோ கட்டிவிட்டு வருவார். “கயிறு இழுக்கட்டும். கை நூலைப் பாத்துக்கட்டும்.” தூண்டில் கம்புக்கு நான் செய்த தாங்கிகள் எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்து வந்தவை.

முதலில் செய்தது ஓர் அட்டைப்பெட்டி. இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். மிக்ஸி வந்த பெட்டி. எதிரெதிர் சுவர்களில் ‘வி’ வடிவில் இரண்டு வெட்டு. வெட்டின் விளிம்பில் செல்லோடேப். கம்பை அதன்மேல் படுக்கவைத்தால் இரண்டு கையும் விடுதலை. நூல்கண்டை ஒரு டம்ளருக்குள் போட்டு, நூலை ஒரு தடித்த அகராதியின் பக்கங்களுக்கு நடுவே விட்டு எடுத்தேன். புத்தகத்தின் கனம்தான் இழுப்பு. இறுக்கம் போதாவிட்டால் மேலே இன்னொரு புத்தகம். அவ்வளவுதான் இயந்திரம். ஒரு பைசா செலவில்லை. அன்று கட்டிய ஒரு கட்டையும் அக்குளில் வைத்துக் கட்டிய கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒருவர் செய்ததென்று யாரும் நம்பமாட்டார்கள்.

அட்டைப்பெட்டியில் இரண்டு குறை. கனமில்லாததால் மேசைமேல் நகரும். கம்பின் நீளத்துக்குத் தகுந்தபடி தாங்கிகளைத் தள்ளிவைக்கவும் முடியாது. அதனால் மரத்தில் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். குடியிருப்பில் ஒரு வீட்டில் கப்போர்டு வேலை நடந்துகொண்டிருந்தது. மீந்த 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகளும் கொஞ்சம் தேக்கு ரீப்பரும் அங்கே கேட்டு வாங்கினேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பால்கனியில் குவிந்த மரத்தைப் பார்த்துவிட்டு, “கவைக்கு உதவாத வேலைக்கு ஏன்டா இத்தனை மரம்?” என்றார். “கவைதாம்மா செய்யப்போறேன்” என்றேன். தாத்தாவின் கவைக்குச்சி அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சாயங்காலம் ஃபெவிகால் டப்பாவை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

வடிவம் எளிது. நாலடி நீளப் பலகை ஒன்று அடித்தளம். அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது நீளமான வெட்டுப்பள்ளம். காடியில் நகரும்படி இரண்டு தாங்கிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு போல்ட், காதுநட்டு. தேவையான இடத்துக்குத் தள்ளி முடுக்கிக்கொள்ளலாம். காடி நேராக வருவது என் கைரம்பத்தால் ஆகிற காரியமில்லை. அந்தக் கப்போர்டு வேலை செய்துகொண்டிருந்த தச்சர் அண்ணனிடம் கொடுத்தேன். தாங்கிகள் இரண்டும் ஒரே உயரம், தலையில் தொண்ணூறு பாகையில் வி வெட்டு என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே அழகாகச் செய்து கொடுத்தார்.

வீட்டில் கம்பை வைத்து ரசமட்டத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் கம்பு சாய்ந்திருக்கிறது. பலகை மட்டம், தாங்கிகள் ஒரே உயரம், கம்பு மட்டும் சாய்வு. அண்ணனிடமே கொண்டுபோனேன். ஒரு நொடி பார்த்தார். “சார், உங்க கம்பு ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சின்னது. சின்னது பள்ளத்துல இறங்கிடும்ல? முன்னாடி ஒரு பேக்கிங் குடுங்க” என்று சொல்லி, ஒரு பிளைவுட் சில்லை அடியில் செருகினார். மட்டமாகிவிட்டது.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொண்ணூறு பாகை வெட்டில் ஓர் உருளை உட்கார்ந்தால், அதன் நடு, வெட்டின் அடிமுனையிலிருந்து ஆரத்தைப்போல் 1.414 மடங்கு உயரத்தில் நிற்கும். பின்தாங்கியில் என் கம்பின் விட்டம் 14 மில்லிமீட்டர், ஆரம் 7; நடு 9.9 மில்லிமீட்டர் உயரத்தில். முன்தாங்கியில் விட்டம் 4, ஆரம் 2, நடு 2.8 உயரத்தில். வித்தியாசம் 7 மில்லிமீட்டர். அண்ணன் கண்ணாலேயே பார்த்துச் செருகிய சில்லு ஆறு மில்லிமீட்டர் பிளைவுட். வெட்டை இன்னும் குறுகலாக, அறுபது பாகையில் வைத்திருந்தால் வித்தியாசம் 10 மில்லிமீட்டர் ஆகியிருக்கும். நூற்றிருபது பாகைக்கு விரித்தால் 6-க்குள் அடங்கும், ஆனால் கம்பு பக்கவாட்டில் ஓடும். தொண்ணூறுதான் இரண்டுக்கும் நடுவில் சரியாக வருகிறது.

ஏழு மில்லிமீட்டருக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். நூல் சுற்றும்போது இது பெரிய விஷயமில்லைதான். பூச்சு போடும்போதுதான் இது வேலையைக் காட்டும். எபாக்ஸி தேன் பதத்தில் இருக்கும். கம்பு சாய்ந்திருந்தால், கம்பை எவ்வளவு சுழற்றினாலும் பூச்சு மெல்லத் தாழ்ந்த பக்கம் ஒதுங்கிக் கட்டின் ஓரத்தில் குண்டாகச் சேரும்.

வெட்டின் உள்பக்கம் வெறும் மரமாக இருந்தால் கம்பில் கீறல் விழும். செஸ் காய்களுக்கு அடியில் ஒட்டலாம் என்று வாங்கிவைத்திருந்த ஃபெல்ட் துணியை வெட்டி ஒட்டினேன். வெல்வெட் வேண்டாம், அதன் பஞ்சு நூலோடு சேர்ந்து கட்டுக்குள் போய்விடுகிறது, பூச்சு போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொன்று, ஃபெல்ட் மட்டும் கம்பைப் பிடித்து நிறுத்தாது. நூல் எந்நேரமும் கம்பைப் பின்னோக்கி உருட்டப் பார்க்கும். ஒருமுறை எழுபது எண்பது சுற்று சுற்றியிருந்தேன், வாசலில் மணி அடித்தது, கையை எடுத்தேன். திரும்பி வருவதற்குள் முக்கால்வாசி அவிழ்ந்து கிடந்தது. அப்புறம் தாங்கியின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, கம்பின்மேல் ஒரு ரப்பர் பேண்டைக் குறுக்காக மாட்டினேன். உருட்டினால் உருளும், விட்டால் நிற்கும். இந்த மொத்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்த ரப்பர் பேண்டுதான்.

அகராதியும் ஓய்வு பெற்றது. தையல் மிஷினில் நூலை இறுக்க இரண்டு தட்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு திருகு இருக்குமே, அந்த டென்ஷன் செட் தனியாகவே கிடைக்கிறது. அதை ஒரு ரீப்பர் துண்டில் பொருத்திக் கம்புக்கு நேர் கீழே காடியில் நிறுத்தினேன். கட்டு நகர நகர அதையும் கூடவே நகர்த்தலாம். நேர் கீழே என்பது முக்கியம். நூல் சாய்ந்து வந்தால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

எவ்வளவு இறுக்கம் சரி என்று கேட்பார்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: கட்டி முடித்த பிறகு, பூச்சு போடுவதற்கு முன், கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் கைடு ஒரு மயிரிழை நகர வேண்டும். எல்லா கைடுகளையும் கட்டிவிட்டுக் கம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து அடியிலிருந்து முனைவரை பார்க்கும்போது, ஏதாவது ஒரு வளையம் வரிசை தப்பி நிற்கும். அதைத் தட்டிச் சேர்க்க இந்த மயிரிழை வேண்டும். நகரவே இல்லையென்றால் இறுக்கம் அதிகம், அது கம்பை நெரிக்கிறது. முட்டுக்காட்டில் ஒடிந்த கட்டு அந்த வகை.

முடிச்சுக்கு ஒரு வார்த்தை. கட்டில் முடிச்சே கிடையாது. தொடக்கத்தில் நூலின் வாலின்மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றினால் அது மாட்டிக்கொள்ளும். முடிவதற்கு எட்டு பத்து சுற்று இருக்கும்போது, வேறொரு நூலை மடித்துக் காதுபோல உள்ளே வைத்து, அதன்மேல் மீதிச் சுற்றுகளைச் சுற்றி, நூலை வெட்டி நுனியை அந்தக் காதில் கோத்து இழுத்தால் நுனி கட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கேட்கக் குழப்பமாக இருக்கும். அட்டைப்பெட்டியில் ஒரு பென்சிலை வைத்து நாலு முறை செய்தால் விரல் கற்றுக்கொள்ளும்.

இந்த இடத்தில் கம்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் பிளாங்க் என்று சொல்லும் வெறும் கம்பு அச்சில் வார்த்ததில்லை. கார்பன் இழைகளை நெருக்கமாகப் படியவைத்துப் பிசின் ஏற்றிய தாளை, துணி வெட்டுவதுபோல முக்கோணச் சாய்வில் வெட்டி, கூம்பிய இரும்புக்கோல் ஒன்றில் சுருட்டி, மேலே நாடாவால் இறுக்கிச் சுற்றி, உலையில் வேகவைத்து, கோலை உருவி எடுத்துவிடுகிறார்கள். தொழிலில் அந்தத் தாளைத் துணி என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் 1960-களில் வலுவான கார்பன் இழையை உருவாக்கியபோது அவர்கள் நினைத்தது விமானத்தை. 1970-களில் அது தூண்டிலுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் கண்ணாடியிழை, அதற்கும் முன் பிளந்து ஒட்டிய மூங்கில். தாத்தா இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேன்: நான் கையில் வைத்திருப்பது சுருட்டிய துணி, அதன்மேல் நான் சுற்றுவது நூல்.

சுருட்டிய துணி என்பதால் ஒரு பக்கம் விளிம்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதனால் கம்பு எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி வளையாது. அடியை வழவழப்பான தரையில் ஊன்றி, முனையை உள்ளங்கையில் ஏந்தி, நடுவை அழுத்தினால், அதுவே உருண்டு தனக்கு வசதியான பக்கத்தைக் காட்டிவிடும். அதை முதுகெலும்பு என்பார்கள். கைடை அந்தக் கோட்டில்தான் கட்ட வேண்டும் என்று அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. நான் கட்சி மாறிவிட்டேன். கம்பைத் தாங்கியில் வைத்து மெல்ல உருட்டினால் முனை எந்தப் பக்கம் லேசாக வளைந்திருக்கிறது என்று தெரியும். அந்த வளைவு மேலோ கீழோ வரும்படி, பக்கவாட்டில் நேராக இருக்கும்படி வைத்துக் கட்டுகிறேன். வீசும்போதும் இழுக்கும்போதும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சரி, பூச்சு. இரண்டு பாகம் கொண்ட எபாக்ஸி, அளவில் சரிபாதி. கண்ணளவு கூடவே கூடாது. இரண்டு தனித்தனி சிரிஞ்சுகளில் மூன்று மூன்று மில்லி எடுத்துக் கலக்குகிறேன். சென்னை வெயிலில் கிண்ணத்தில் குவித்துவைத்த கலவை தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டியாகிவிடும். கலக்கியதும் அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றிவிட்டால் சூடு பிரிந்து இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், குமிழும் தானே உடையும். கையில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிய கையோடு கட்டைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் வட்டவட்டமாக விலகி நிற்கும். ஐப்பசி மழையில் நான் பூச்சு வேலையே வைத்துக்கொள்வதில்லை. ஈரக்காற்றில் மேலே பால்போல ஒரு மங்கல் படிந்துவிடுகிறது.

பூசிய பிறகு நாலைந்து மணிநேரம் கம்பு நிற்காமல் சுற்ற வேண்டும். நின்றால் பூச்சு கீழே இறங்கித் தொங்கும். இதற்கு வேண்டியது மெதுவாகச் சுற்றும் ஒரு மோட்டார். மைக்ரோவேவ் அடுப்பில் கண்ணாடித் தட்டைச் சுற்றுகிற மோட்டார் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். பழைய அடுப்பை நீங்களே பிரிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரத்தைத் தேக்கிவைத்திருக்கும். ரிச்சி தெருவில் உதிரிபாகமாகவே கிடைக்கிறது. வாங்கும்போது 220-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், சில 21 வோல்ட்டில் ஓடுபவை. அதிலேயே 5/6 ஆர்பிஎம் என்றும் இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கே நிமிடத்துக்கு 5 சுற்று. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 6. இது ஓடுவது மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு, வோல்டேஜைப் பார்த்து இல்லை. அதனால் சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கி விளக்கு மங்கும்போதுகூட வேகம் மாறாது. ஒருமுறை வலப்பக்கம் சுற்றும், அடுத்த முறை இடப்பக்கம். அந்த மோட்டாரின் சுபாவம் அது, பழுதில்லை. வேகமாகச் சுற்றும் மோட்டார் வைத்திருப்பவர்களும் உண்டு. பூச்சு மெல்லியதாக இருந்தால் 5 போதும் என்பது என் அனுபவம்.

மோட்டாரை ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டிக்குள் வைத்து, வயர் முனைகள் வெளியே தெரியாமல் மூடி, எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகுதான் ஓட்டினேன். கம்பைப் பிடிக்க, இரண்டு அங்குல பிவிசி குழாய் மூடி. சுற்றிலும் மூன்று துளை, மூன்று திருகு, முனையில் ரப்பர். கம்பின் அடியை உள்ளே விட்டு மூன்றையும் சமமாக முடுக்கினால் நடுவில் நிற்கும். இவ்வளவு சின்ன மோட்டார் கம்பின் கனத்தைத் தூக்காது. கனம் முழுவதையும் தாங்கிகள் ஏந்த வேண்டும், மோட்டார் சுற்ற மட்டும் செய்ய வேண்டும். ஃபெல்ட் வைத்த வெட்டில் உராய்வு அதிகமாக இருந்ததால் மோட்டார் திணறியது. அதனால் சுற்றுவதற்கென்று தனியாக இரண்டு தாங்கிகள் செய்தேன். புதுப்பேட்டையில் 608 பேரிங் நாலு வாங்கினேன், 22 மில்லிமீட்டர் விட்டம், 8 மில்லிமீட்டர் துளை. ஒரு தாங்கிக்கு இரண்டு, அவற்றின் நடுப்பள்ளத்தில் கம்பு. முனைப்பக்கம் கம்பு சோளத்தட்டையின் நுனிபோல மெலிந்துவிடுவதால், பேரிங்குகளை நேருக்கு நேர் வைத்தால் நடுச்சந்தில் இறங்கி மாட்டிக்கொள்ளும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளி, விளிம்புகள் ஒன்றையொன்று தாண்டும்படி வைத்தேன். பேரிங்கின் மேல் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மாட்டியிருப்பதால் கம்பில் கீறலும் இல்லை, சத்தமும் இல்லை.

இத்தனையும் செய்து முதல் முறை ஓடவிட்ட இரவு, பத்தரை மணிக்கு நிம்மதியாகப் படுத்தேன். பதினொன்றேகாலுக்கு மின்விசிறி நின்று வியர்வையில் விழித்தபோதுதான் உறைத்தது. ஓடினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு கட்டுக்கும் கீழே பலாக்கொட்டை அளவுக்குப் பூச்சு தொங்கிக்கொண்டிருந்தது. பாதி இறுகிவிட்டது. மறுநாள் ஹேர் டிரையரில் சூடு காட்டி பிளேடால் செதுக்கி, மறுபடி பூசினேன். இப்போது மோட்டார் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. அதுவும் தீர்ந்தால் மகள் இருக்கிறாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பிவிட வேண்டும். போன கோடையில் ஒன்றரை மணிநேரம் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைச் செய்தாள். அந்தக் கம்பின் பூச்சைப் பார்த்தால் எந்தப் பகுதி மோட்டாருடையது, எந்தப் பகுதி அவளுடையது என்று என்னால் சொல்ல முடியாது.

கட்டுவதற்கு முன்னால் பயன்படும் ஒரு தாங்கியும் உண்டு. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். பால்கனிக் கம்பியில் ஜி-கிளாம்ப் போட்டு முடுக்கிய மரத்துண்டு, அதில் சாய்வாக ஒரு குழாய்த் துண்டு. கம்பின் அடியைக் குழாயில் செருகி, கைடுகளைக் குறுகலாக வெட்டிய ரப்பர் குழாய் வளையங்களால் தற்காலிகமாக மாட்டி, நரம்பைக் கோத்து, நுனியில் தண்ணீர் பாட்டில் தொங்கவிடுவேன். கம்பு வளையும். நரம்பு அந்த வளைவை ஒட்டியே போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கைடுகளுக்கு நடுவே நரம்பு வளைவை விட்டு விலகிக் குறுக்கே பாய்ந்தால் அங்கே கைடு தூரம் அதிகம்; ஒன்றை நகர்த்த வேண்டும். பாட்டிலில் இன்னும் கால் லிட்டர் ஊற்றுவேன், மறுபடி பார்ப்பேன். புத்தக அளவுகளை வைத்து ஆரம்பிக்கலாம், ஆனால் ஒவ்வொரு கம்பும் தன் வளைவை இப்படித் தொங்கும்போதுதான் காட்டுகிறது. என் முதல் கம்பைக் கட்டி முடித்த பிறகு இந்தத் தாங்கியில் ஏற்றிப் பார்த்திருந்தால், முட்டுக்காட்டில் ஒடிந்தது பால்கனியிலேயே தெரிந்திருக்கலாம்.

இந்தத் தாங்கிகளில் இதுவரை பதினொரு கம்பு கட்டியிருக்கிறேன். பழசைப் பழுது பார்த்தது தனி. பழைய கட்டைப் பிரிக்கும்போது பிளேடைக் கைடின் உலோகக் காலின்மேல் மட்டுமே ஓட்டுங்கள். கம்பின் பக்கம் ஒரு கீறல் விழுந்தாலும் அது ஒருநாள் ஒடியும். கொடுவாவுக்கு ஏழடி, ஏரி விராலுக்கு ஆறரை அடி, மாமாவுக்கு அவர் கைக்கேற்றபடி அடிப்பகுதி குட்டையாக ஒன்று.

இப்போது கோவளத்தில் கடற்கரை வீச்சு செய்யும் நண்பர் ஒருவர் பத்தடிக் கம்பு கேட்டிருக்கிறார். இரண்டு துண்டு, துண்டுக்கு ஐந்தடி. என் பலகை நாலடிதான். மேல்துண்டின் முனை காற்றில் நீட்டிக்கொண்டு, சுற்றும்போது சாட்டைபோல ஆடுகிறது. மொட்டைமாடிக்குப் போகும் பழைய ஸ்டூல்மேல் ஒரு கவையைக் கட்டிச் சமாளித்துப் பார்த்தேன், யாராவது நடந்தாலே அதிர்கிறது. ஆறடிப் பலகை போட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தச்சர் அண்ணனைப் பார்க்கப் போகிறேன். இந்த முறை ஒரே உயரம் என்று எழுதவில்லை. தாங்கும் இடங்களில் மேல்துண்டின் விட்டம் 12, 4 மில்லிமீட்டர். சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: அடிப்பக்கக் கவை 150 மில்லிமீட்டர், முனைப்பக்கக் கவை 156.